ஒத்திகை நேரத்தில் வந்தவன்

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் சபை ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. யாரோ ஒருவர் வீட்டு ஹாலில் ஜெபக்கூட்டமாகத் தொடங்கியது, ஞாயிறுதோறும் இரண்டு ஆராதனை நடத்தும் அளவுக்குப் பெருகிவிட்டது. பாடல் குழுவை நடத்துவது என் பொறுப்பு; கீபோர்டும் நானே வாசிப்பேன். முன்னால் நின்று பாடுகிறவள் பண்டமாரானிலிருந்து வருவாள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் அவளுக்கு வேலை. அவள் புருஷன் அடிக்கிறான் என்று எங்களுக்குத் தெரியும். கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை மதியம், ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது அவன் ஹெல்மெட்டும் கையுமாகப் படியேறி வந்தான்.

"பாட்டா பாடுற? வீட்டுல யாரு சோறாக்குறது?"

"பத்து நிமிஷத்துல வரேன்" என்றாள்.

ஹெல்மெட்டால் முகத்தில் அடித்தான். அவள் கையிலிருந்த மைக்கை யாரும் அணைக்கவில்லை. அந்த அடி பெரிய ஸ்பீக்கர்களில் வெடித்தது. அடுத்த அடியும், அவள் அலறலும் அப்படியே. முடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்தான். நான் குறுக்கே போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, நகருங்க. இது எங்க குடும்ப விஷயம்."

நகரவில்லை. கதவை என் கைமேல் அறைந்து சாத்தினான். மணிக்கட்டு முறிந்தது எனக்கே கேட்டது. டிரம்ஸ் வாசிக்கும் அங்கிள் பின்னாலிருந்து அவனைக் கட்டிப்பிடித்தார். முழங்கையால் ஒரே இடி. அங்கிளின் வாயெல்லாம் ரத்தம்.

அதற்குள் அவள் எழுந்துவிட்டாள். மைக் ஸ்டாண்டைத் தலைகீழாகப் பிடித்து, இரும்பு அடிப்பக்கத்தால் அவன் முழங்காலில் அடித்தாள். விழுந்தான். தோளில் இன்னொன்று. மறுபடியும் ஓங்கினாள்.

"போதும்மா" என்றேன்.

"உங்களுக்குப் போதும்க்கா" என்று சொல்லிவிட்டு அடித்தாள்.

சத்தம் கேட்டு மேலே ஓடிவந்த டயர் கடைக்காரர்கள்தான் ஸ்டாண்டை வாங்கி வைத்து, போலீஸ் வரும்வரை அவனை அமுக்கிப் பிடித்திருந்தார்கள்.

கட்டுப் போட்ட கையோடு நான் வீட்டில் இருந்தபோது பாஸ்டர் பார்க்க வந்தார்.

"சிஸ்டர், கொஞ்ச நாளைக்கு அவங்க மேடையில வேணாம் லா. புதுசா நிறைய பேர் வராங்க. பயந்துருவாங்க."

எனக்குக் கைவலியைவிட அது வலித்தது.

"அவங்க நிக்கலன்னா நானும் நிக்க மாட்டேன் பாஸ்டர்."

அவர் தேநீரை அப்படியே வைத்துவிட்டுப் போனார். மறுநாள் போன் செய்து, "சரி, பாடட்டும்" என்றார்.

அவள் செராஸில் தன் அக்கா வீட்டுக்குக் குடிபோயிருந்தாள். அவன் அவளை நெருங்கக்கூடாது என்று கோர்ட்டில் உத்தரவும் வாங்கியிருந்தாள். உதட்டுத் தையல் பிரித்ததும் வந்தாள். கண்ணுக்குக் கீழே ரத்தக்கட்டு இன்னும் மஞ்சளாகத் தெரிந்தது. பவுடர் பூசி மறைக்கவில்லை. நான் ஒற்றைக் கையால் வாசிக்க, அவள் பாடினாள். சில இடங்களில் குரல் பிசிறியது. முன்வரிசையில் ஒரு குடும்பம் பாதியில் எழுந்து போனது. அவர்கள் பிறகு வரவேயில்லை.

ஆராதனை முடிந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். சபைக்குப் புதிதாக வந்திருந்த ஒரு பெண் தயங்கித் தயங்கி மேடையருகே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பாடியவளிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, நீங்க எந்த ஸ்டேஷன்ல ரிப்போர்ட் போட்டீங்க?"