ரோசியின் வயிற்றில் ஒரு வேர்க்கடலை

மூன்றாம் வகுப்பில் எனக்கு இருந்த மவுசு, அதற்குப் பிறகு காலேஜ் முடிக்கும்வரை திரும்பக் கிடைக்கவே இல்லை. எங்கள் நாய் ரோசி குட்டி போடப்போகிறது என்று நானே அறிவித்து, பிறக்காத குட்டிகளில் நான்கை வகுப்பில் புக்கிங் முடித்திருந்தேன். ஒரு குட்டிக்கு ஒரு ஸ்கெட்ச் பேனா செட். ரோசிக்கு அப்போது எட்டு வயது. அவளுக்கு இந்த விஷயமே தெரியாது.

பள்ளி விட்டு வந்ததும் அவளை மல்லாக்கப் போட்டு வயிற்றைத் தடவிக் குட்டிகளை எண்ணுவேன். அவளும் நாலு காலையும் தூக்கிக்கொண்டு சுகமாகக் கிடப்பாள். ஒருநாள் கடைசி பால்காம்புக்குப் பக்கத்தில் பட்டாணி மாதிரி ஒன்று விரலில் உருண்டது. முதல் குட்டி! மறுநாள் வகுப்பில் இனிப்பு கொடுக்காததுதான் பாக்கி.

ரெண்டு வாரத்தில் அது வேர்க்கடலை சைஸுக்கு வந்தது. ஆனால் ஒன்றே ஒன்று. நான் விடாமல் அமுக்கிக்கொண்டிருப்பதை, புல்லுக்கட்டோடு உள்ளே வந்த அம்மா பார்த்துவிட்டார்.

"ஏன்டி, எப்பப் பாத்தாலும் அத்தப் போட்டு அமுக்கிக்கினே இருக்க? கட்டி கிட்டி வந்துடப்போவுது!"

சட்டென்று கையை எடுத்துவிட்டேன். வரப்போவது என்ன, வந்தே விட்டது. நான் அமுக்கி அமுக்கித்தான் வந்திருக்கிறது. மறைத்தால் ரோசி செத்துப்போவாள், சொன்னால் நான் செத்தேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்து அப்பாவிடம் போனேன்.

"அப்பா, ரோசிக்குக் காம்புகிட்ட இன்னாமோ இருக்குது. தானா வந்துச்சு."

அப்பா நாலு மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். உலகத்தில் எந்த உயிருக்கு எது வந்தாலும் அவருக்கு மாட்டு வைத்தியம்தான். அண்ணனுக்குக் காய்ச்சல் என்றால்கூட முதலில் மூக்கு ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பார். ரோசியைத் தடவிய வேகத்தில் தீர்ப்பு சொன்னார்: "மடி நோவு. மூணு நாள்ல வத்திடும்."

சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்து, மடி வீங்கிய மாட்டுக்குப் பூசுவதுபோல ரோசியின் வயிறு முழுக்கப் பூசினார். சுண்ணாம்பு பட்ட மஞ்சள் ரத்தச் சிவப்பாகிவிட்டது. அவள் அந்தக் கோலத்தில் தெருவைச் சுற்றி வந்தாள்.

"இன்னாக்கா," என்றார் எதிர்வீட்டு அத்தை அம்மாவிடம், "ஒங்க வூட்டு நாய் வயசுக்கு வந்துடுச்சா? மஞ்ச தண்ணி ஊத்துனீங்களே, எங்களுக்கு ஒரு பத்திரிகை வெக்கக் கூடாதா?"

நாலாம் நாள் மாட்டுக்குச் சினை ஊசி போட டாக்டர் வந்தார். வேலை முடித்துக் கை கழுவும்போது சிவப்பு நாய் குறுக்கே போனது. முதலில் சிரித்தார். பிறகு கூப்பிட்டுத் தொட்டுப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"மாட்டுக்கு வர்ற மடி நோவு இல்லீங்க இது. கட்டி. கேன்சராக்கூட இருக்கலாம். பூசிக்கினு இருந்தீங்கன்னா நெஞ்சுல பரவிடும். நாளைக்கே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டும்போங்க."

டி.வி. சீரியலில் அந்த வார்த்தை வந்தால் மறுவாரமே போட்டோவுக்கு மாலை விழுந்துவிடும். நான் அழுத அழுகையில், நாய்க்கெல்லாம் ஆபரேஷனா என்று முனகிய அம்மாவே தன் பழைய புடவையை எடுத்துக் கொடுத்தார். அதில் சுற்றி ரோசியை மொபெட்டில் நடுவில் உட்காரவைத்துப் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். கட்டியை அறுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். கர்ப்பப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். ஸ்கெட்ச் பேனாக்காரர்களைச் சமாளித்தது தனிக் கதை.

தையல் பிரிக்கப் போன அன்று டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தபடி சொன்னார்: "கேன்சர்தான். ஆனா சுத்தமா எடுத்தாச்சு. நெஞ்சுல ஒண்ணும் இல்ல. எலுமிச்சம்பழம் சைஸ் ஆனப்புறம்தான் எல்லாரும் கொண்டாருவாங்க. இவ்ளோ சின்னதுல யாரு கண்டுபிடிச்சது?"

நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். கட்டியை உண்டாக்கிய ஆளைத்தான் தேடுகிறார்கள். போலீஸ் வருமா, ஹெட்மாஸ்டரிடம் சொல்வார்களா?

அப்பா தொண்டையைக் கனைத்தார். "நான்தான் மேடம். தெனம் தடவிப் பாத்துருவேன்."

எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பெற்ற பிள்ளைக்காக எவ்வளவு பெரிய பழியை ஏற்றுக்கொள்கிறார் மனுஷன்!

அதோடு விடவில்லை. அந்த வாரமே செய்தி ஊரெல்லாம் பரவி, ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் ஆறு நாயும் ஒரு பூனையும் நின்றன. அப்பா ஒவ்வொன்றாக மல்லாத்தி வயிற்றைத் தடவினார். "மாசம் ஒரு வாட்டி பாக்கணும்பா, பட்டாணி மாரி தட்டுப்பட்டாலும் வுடக் கூடாது" என்று எல்லோருக்கும் சொன்னார். பூனை அவர் முழங்கையைக் கீறிவிட்டது. எல்லாம் நான் வாங்கவேண்டிய தண்டனை. அவர் முகத்திலோ ஒரு சுளிப்புகூட இல்லை. எனக்காகச் சிரித்துச் சமாளிக்கிறார் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, கேட்காமலே அவருக்குக் கால் அமுக்கிவிட்டேன்.

"ரொம்ப கஷ்டமாப்பா?" என்றேன்.

"இன்னா பண்றது பாப்பா," என்று அப்பா இன்னொரு காலையும் நீட்டினார்.