ஒன்றரைச் சாண் குறைந்த கயிறு

நாத்தனார் வாயால் நல்ல பேர் வாங்குவது குதிரைக் கொம்பு. நானும் லேசில் கொடுக்கிறவள் இல்லை. அண்ணி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அவள் வைத்த குழம்பை வாயில் வைப்பதற்கு முன்பே முகம் சுளித்தவள் நான். அதனால் இப்போது சொல்வதைத் தாராளமாக நம்பலாம்.

எங்கள் துறைமுகம் ஆற்றுத் துறைமுகம். கடலிலிருந்து கப்பல் பதினெட்டு மைல் ஆற்றுக்குள் ஏறி வந்தால்தான் சரக்கு இறக்க முடியும். ஆற்றின் அடியோ இன்றைக்கு இருந்த மாதிரி நாளைக்கு இருக்காது. வண்டல் இங்கே சேரும், அங்கே கரையும். அதனால் தினமும் காலையில் ஒரு படகு போய் ஆழம் பார்த்துவிட்டு வரும். ஆழம் பார்க்கிறவள் என் அண்ணி.

ஈயக்குண்டு கட்டிய சணல் கயிறு, அதில் மீட்டருக்கு ஒரு தோல் பட்டை, நடுநடுவே துணி முடிச்சு, அவ்வளவுதான் அவள் ஆயுதம். குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் துணி சோப்பை அமுக்கி வைப்பாள். சோப்பில் ஒட்டிக்கொண்டு வருவது மணலா சேறா என்று பார்த்து ஆற்றின் அடி எப்படி இருக்கிறதென்று சொல்லிவிடுவாள். "நம்ம வீட்டு சோப்புல நம்ம துணி வெளுத்ததவிட ஆறு வெளுத்ததுதான் அதிகம்" என்பான் அண்ணன்.

நான் அதே துறைமுக அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். அவள் சொல்லும் கணக்கை அறிக்கையாக அடிப்பது நான். கப்பலை ஆற்றுவழியில் நடத்திக் கொண்டுவரும் பைலட் தினமும் விடிந்ததும் தொலைபேசியில் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்பார். வளைவில் எவ்வளவு ஆழம்? யார் அளந்தது? இரண்டாவது கேள்விக்கு, "எங்க அண்ணன் சம்சாரம்" என்று பட்டும் படாமலும் சொல்வேன். முழங்கால் வரை சேற்றோடு படியேறி வருகிறவளை உறவு கொண்டாட எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது நினைத்தால் என்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

ஒரு நாள் பழைய கயிறு நைந்துபோய்ப் புதுக் கயிறு வந்தது. புதுக் கயிற்றை ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டு, கனம் கட்டித் தொங்கவிட்டு, பிறகுதான் பட்டை கட்ட வேண்டும் என்பது இந்த வேலையின் அரிச்சுவடி. அன்றைக்குப் பார்த்து ஆற்று முகத்தில் ஒரு பெரிய கப்பல் காத்துக்கொண்டிருந்தது. ஆழம் என்ன, ஆழம் என்ன என்று மேலிருந்து ஒரே நச்சரிப்பு. அண்ணி காய்ந்த கயிற்றிலேயே பட்டை கட்டிக்கொண்டு போய் அளந்தாள். வளைவில் ஏழு மீட்டர் என்றாள். நானும் ஏழு என்று அடித்தேன்.

ஆறே முக்கால் மீட்டர் முங்கும் கப்பல் அது. வளைவில் வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டது. இழுவைப் படகுகள் இரண்டு நாள் மல்லுக்கட்டின பிறகுதான் அசைந்தது.

தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் விசாரணைக்கு வந்தார்கள். மேசைக்கும் நாற்காலிக்கும் நடுவிலேயே காலம் தள்ளிய மனிதர்கள். ஆணியில் தொங்கிக் காய்ந்துபோயிருந்த கயிற்றை இறக்கி டேப் வைத்து அளந்தார்கள். பட்டைக்குப் பட்டை மயிரிழை பிசகவில்லை. அப்படியென்றால் பைலட்தான் வழி தவறிக் கப்பலை ஓரத்தில் ஏற்றிவிட்டார் என்று முடிவுகட்டினார்கள். உரிமத்தைப் பறிப்பது என்று பேச்சு. இருபது வருஷம் கப்பல் நடத்தியவர். அந்தக் கயிறு புதிது என்பது அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை நான் குளிக்கப் போனால், அண்ணி அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு எடுத்து வந்த அதே கயிறு பக்கெட்டில் ஊறிக்கொண்டிருக்கிறது. அண்ணி அதை எடுத்து, கூடத்துச் சுவரிலிருந்து வாசற்படி வரை நீட்டி, பக்கத்தில் டேப்பை விரித்தாள். ஏழாவது பட்டை வரவேண்டிய இடத்துக்கு ஒன்றரைச் சாண் முன்னாலேயே வந்து நின்றது. சணல் நனைந்தால் சுருங்கும், காய்ந்தால் பழைய நீளத்துக்கே வந்துவிடும். ஈரக் கயிறு ஏழு என்றபோது ஆற்றில் இருந்தது ஆறு அறுபத்தைந்துதான்.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நான் கதவைச் சாத்தினேன்.

"அண்ணி, கயிறே உங்களுக்குச் சாதகமா சாட்சி சொல்லியாச்சு. நீங்க ஏன் போய் வேலில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிறீங்க? இதைச் சுருட்டி வைங்க. யாருக்கும் தெரியாது."

"காஞ்ச கயிறு சொன்ன சாட்சி அது. ஆத்துக்குள்ள யாரு காஞ்ச கயிறை விடுறா?"

"வேலை போயிடும்."

"போகும்." கயிற்றை இழுத்துத் திரும்பப் பக்கெட்டுக்குள் போட்டாள். "அந்த மனுஷன் என்னை நம்பித்தான் கப்பலைக் கொண்டுவந்தாரு. கண்ணு தெரியாதவங்க கையைப் பிடிச்சுக் குழிக்குள்ள விட்ட மாதிரி இருக்கு எனக்கு. நீ சொன்னதை நான் கேக்கலைன்னே வெச்சுக்கறேன்."

எனக்குச் சுருக்கென்றது. எழுந்துபோய்விட்டேன்.

மறுநாள் கடைசி விசாரணை. குறிப்பெடுக்க நான் உட்கார்ந்திருந்தேன். அண்ணி பக்கெட்டோடு உள்ளே வந்தாள். பளபளவென்று துடைத்து வைத்த தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது.

"இது என்னம்மா?" என்றார் நடுவில் இருந்த அதிகாரி.

"நீங்க அளந்த அதே கயிறுங்க. இப்ப அளந்து பாருங்க."

வராந்தாவில் கயிற்றை நீட்டினாள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. அதிகாரி என்னைக் கைகாட்டினார். ஏழாவது பட்டைக்கு நேரே குனிந்து எண்ணைப் பார்த்தேன். அண்ணி என்னைப் பார்த்து, "சத்தமா படி" என்றாள்.

"ஆறு அறுபத்தஞ்சு" என்று படித்தேன்.

பைலட் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஊறப்போடாம பட்டை கட்டினது நான். அவசரம்னு சொன்னாங்க, அது நிஜம். ஆனா கை என்னோடது" என்று சொல்லிவிட்டு, அண்ணி கீழே கிடந்த கோணித் துணியால் தரையைத் துடைத்தாள். தான் நனைத்த தரை என்று.

பைலட் தப்பினார். அண்ணியை ஆறு மாதம் ஆற்றுப்பக்கமே போகக்கூடாது என்று கிடங்கில் போட்டார்கள். ஆணியும் பெயிண்ட் டப்பாவும் எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் இடத்தில் வந்தவன் ஒழுங்காகத்தான் அளந்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் "யார் அளந்தது?" என்ற கேள்விக்கு நான் அவன் பேரைச் சொல்லும்போதெல்லாம் பைலட், "சரி, நான் ஒரு தடவை பாத்துக்கறேன்" என்பார். படகெடுத்துக்கொண்டு போய் வளைவில் தானே ஒரு முறை அளந்த பிறகுதான் கப்பலேறுவார். ஆறு மாதமும் அப்படித்தான்.

ஏழாவது மாதம் முதல் தேதி. அண்ணி விடிவதற்கு முன்பே கிளம்பினாள். புதுக் கயிறு, ஒரு நாளல்ல, மூன்று நாள் ஊறியது. என் சோப்பைத்தான் எடுத்துக்கொண்டு போனாள். நான் வாய் திறக்கவில்லை. காலில் சேற்றோடு படியேறி வந்து கணக்கைச் சொல்லிவிட்டு, என் மேசைக்கு எதிரிலேயே நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தொலைபேசி அடித்தது.

"வளைவுல எவ்வளவும்மா?"

"ஏழு பத்து, சார்."

"யார் அளந்தது?"

நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். அலுவலகம் முழுக்கக் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

"எங்க அண்ணி."

"அப்ப கப்பலுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு அவர் தொலைபேசியை வைத்தார்.