இருட்டு வகுப்பு ரீச்சர்

யன்னல் பலகையில் ஓட்டை போட்டதற்காகத்தான் பள்ளிக்கூட அதிபர் முதன்முதலில் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்.

மருதனார்மடத்திலிருந்து சைக்கிளில் கால் மணி நேரத் தூரத்தில் இருந்த, பொடியளும் பெட்டையளும் ஒன்றாகப் படிக்கும் கலவன் பாடசாலை அது. நான் அங்கே விஞ்ஞான ரீச்சர். சண்டையால் குடாநாட்டில் மின்சாரம் நின்று இரண்டு வருடமாகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரேயொரு நுணுக்குக்காட்டி அலுமாரியில் பூட்டிக் கிடந்தது. அலுமாரித் திறப்பு விஞ்ஞானப் பகுதித் தலைவரின் சட்டைப்பையில் இருந்தது. "பிள்ளையள் உடைச்சால் ஆர் பதில் சொல்லுறது?" என்பார். பத்தாம் வகுப்புக்காரர் நுளம்பின் வாழ்க்கை வட்டத்தைக் கரும்பலகையைப் பார்த்துப் படமாகக் கீறினார்கள். அவர்கள் கீறிக்கொண்டிருந்த அதே குடம்பிகள், கொசுப் புழுக்கள், முப்பது அடி தள்ளிக் கக்கூஸ் தொட்டியில் கூட்டம் கூட்டமாக நெளிந்துகொண்டிருந்தன. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் கோபம் வந்தது.

வெயிலுக்கு எங்கள் ஊரில் தட்டுப்பாடு இல்லை. மணிக்கூடு திருத்துகிறவர் ஒருவரிடம் அவர் கண்ணில் மாட்டுகிற வில்லை ஒன்றைக் கெஞ்சி வாங்கினேன். யன்னல் பலகையில் ஓட்டை போட்டு அதை உள்ளே பொருத்தினேன். வெளியே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து வெயிலை ஓட்டைக்குள் திருப்பினேன். சைக்கிள் ரியூப்பை மெல்லிய வளையமாக வெட்டி இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்து, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீரும் ஒரு குடம்பியும் விட்டு, எதிர்ச் சுவரில் அதன் உருவம் பெரிதாக விழும்படி வில்லையோடு பொருத்தினேன். முதலாவது குடம்பி ஒரு நிமிடத்தில் வெந்து செத்தது. பிறகு ஒளி வரும் வழியில் தண்ணீர் நிரப்பிய தட்டைப் போத்தல் ஒன்றை வைத்தேன். சூடு தணிந்தது. இரண்டாவது குடம்பி பிழைத்தது.

அறையை இருட்டாக்க வேண்டியிருந்தது. சாக்குகளை ஒட்டித் தைத்துத் தந்தவ பத்து சி வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பித்த ரீச்சர். நாங்கள் ஒரே வருடம் நியமனம் பெற்றவர்கள். காலையில் ஒன்றாகச் சைக்கிளில் வந்து, மத்தியானம் ஒன்றாகச் சாப்பிடுவோம். அந்தப் பள்ளிக்கூடத்தில் என்னோடு சிரித்துக் கதைத்தது அவ ஒருத்திதான். பத்து பி என்னுடையது. பத்து ஏ பகுதித் தலைவருடையது.

வெள்ளையடித்த சுவரில் ஒரு முழ நீளத்துக்குக் குடம்பி எழும்பியபோது என் வகுப்பு வாங்குகளின் விளிம்புக்கு வந்தது. அதன் குடலுக்குள் கறுப்பாக ஏதோ நகர்ந்தது. வாய்த் தூரிகைகள் அடித்துக்கொண்டன. வெயில் நகர நகர வெளியே நிற்கும் பிள்ளை கண்ணாடியைத் திருப்ப வேண்டும். முறைவைத்து ஒவ்வொருவராகப் போய் நின்றார்கள். கீறச் சொன்னேன். கண்ட மாதிரியே கீறினார்கள்.

வினை அங்கேதான் தொடங்கியது.

பகுதித் தலைவர் வண்ண வெண்கட்டியால் படம் கீறுவதில் பேர்போனவர். சந்திக்குப் பக்கத்தில் அவர் காசுக்குப் பாடம் நடத்திய ரியூட்டரிக் கொட்டிலில் அந்தப் படங்களைப் பார்த்துக் கீறுவதற்கென்றே நீர்வேலியிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். அவர் கீறும் குடம்பிக்கு வால் ஒன்று. வாலின் நுனியில் சுவாசக் குழாய். சுவரில் தெரிந்த குடம்பிக்கோ பின்பக்கம் கவர்விட்டிருந்தது. குழாய் ஒரு கிளையில், கடைசித் துண்டம் மற்றக் கிளையில். தவணைச் சோதினையில் அந்தக் கேள்வி வந்தது. மூன்று வகுப்புக்கும் பொது வினாத்தாள், திருத்தியவர் அவர். என் வகுப்பில் கவர்விட்ட வால் கீறிய அத்தனை பேருக்கும் சிவப்புக் கோடு போட்டு முட்டை.

விடைத்தாள்களைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனேன். மற்றக் கையில் போத்தலில் குடம்பிகள். மேசையில் இரண்டையும் வைத்தேன்.

"சேர், ஒருக்கால் பாருங்கோ. பிள்ளையள் கீறினது சரி."

பகுதித் தலைவர் வாசித்துக்கொண்டிருந்த பேப்பரை மடிக்கவில்லை. "உந்தப் போத்தலைக் கொண்டுபோய் ஊத்தும். சாப்பிடுற இடம் இது."

"பாத்திட்டுச் சொல்லுங்கோ."

"நான் இருபத்தைஞ்சு வருசமாப் படிப்பிக்கிறன். சோதினையிலை நுளம்பு வந்து புள்ளி போடுறேல்லை. திருத்துறவன்தான் போடுறான். உம்மடை பிள்ளையளுக்கு அதைச் சொல்லிக் குடும் முதல்லை."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் சிநேகிதி குனிந்து கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தா.

அந்தச் சிரிப்பு ஒரு கிழமை என் காதில் கிடந்தது. பிறகு நான் செய்தது நல்ல காரியம் அல்ல. அன்றைக்கும் எனக்கு அது தெரியும். அவருடைய கொட்டிலுக்குப் போகும் பிள்ளைகள் என் வகுப்பிலும் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தியின் கொப்பியை வாங்கி, அவர் கீறிக் கொடுத்த குடம்பியைச் சுவரில் கரியால் ஒரு முழ நீளத்துக்குக் கீறினேன். யன்னலைச் சாத்தி, உயிர்க் குடம்பியை அந்தப் படத்தின் மேல் சரியாக விழுத்தினேன். தலை பொருந்தியது. நெஞ்சு பொருந்தியது. வால் பொருந்தவில்லை.

"எது பிழை?" என்று கேட்டேன்.

"சேரின்ரை வால்!" என்று ஒருவன் கத்தினான். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

கதவு திறந்தது. வாசலில் பகுதித் தலைவர் நின்றார். வெளிச்சம் உள்ளே வந்ததும் குடம்பி அழிந்துபோய், கரியால் கீறிய அவருடைய படம் மட்டும் சுவரில் தனியே நின்றது. அவர் அதைப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் இருந்த தன் கொட்டில் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். கதவைச் சாத்தக்கூட இல்லை.

மூன்று கிழமை கழித்துக் கல்விக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். என்னைப் பற்றி மொட்டைக் கடிதம் போயிருந்தது. பொடியளையும் பெட்டையளையும் ஒன்றாக இருட்டறையில் அடைத்து வைக்கிறேன், உள்ளே நடப்பது வெளியே தெரியாமல் யன்னலுக்குச் சாக்குக் கட்டியிருக்கிறேன் என்று அதில் இருந்தது. அதிபரின் அறையில் விசாரணை. வில்லையைப் பற்றியோ வெயிலைப் பற்றியோ ஒருவரும் கேட்கவில்லை.

"இருட்டிலை ஆர் ஆருக்குப் பக்கத்திலை இருக்கினம்?" அதிகாரி கேட்டார்.

"வெளிச்சத்திலை இருக்கிற வாங்கிலைதான் இருட்டிலையும் இருக்கினம்."

"வாய் காட்டாதையும். ஒரு குமர்ப்பிள்ளையின்ரை தாய் வந்து அழுதவ. பேர் கெட்டால் நீரோ கட்டிக் குடுக்கப்போறீர்?"

அதிபர் தலையாட்டினார். ஒரு கிழமையாக என் வகுப்புக்கு வராத மகளை அந்தத் தாய் வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டா என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கவர்விட்ட வாலை வகுப்பிலேயே அழகாகக் கீறியவள் அவள்தான். 

பகுதித் தலைவரைக் கூப்பிட்டார்கள். கடிதம் எழுதியது அவர்தான் என்பதில் எனக்குத் துளிச் சந்தேகம் இருக்கவில்லை. அவர் கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னார்:

"நான் நாலைஞ்சு தரம் கதவைத் திறந்து பாத்தனான். ஒரு கூடாத விசயமும் நடக்கேல்லை. பிள்ளையள் பாடந்தான் படிச்சவை. உப்பிடி எழுதினவனுக்குப் பள்ளிக்கூடத்துக்குள்ளை இருக்கத் தகுதியில்லை."

அதிகாரி நிமிர்ந்தார். "அப்ப இவவை வைச்சிருக்கலாம் எண்டு சொல்லுறியளோ?"

"இல்லை. உவவை அனுப்புங்கோ. மூத்தவையை மதிக்கத் தெரியாது. நான் இருக்கிற பகுதியிலை உவ இருக்க ஏலாது." என் பக்கம் திரும்பிப் பார்க்காமலே போனார்.

அவரை வெறுப்பதா நன்றி சொல்வதா என்று தெரியாமல் இருந்தபோது, வாக்குமூலத்தில் ஒப்பமிட அதிகாரி தாளை என் பக்கம் தள்ளினார். அதன் கீழே அந்தக் கடிதம் கிடந்தது. எழுத்தைச் சாய்த்து மாற்றி எழுதியிருந்தார்கள். ஆனாலும் 'ளை'க்குப் பழைய கொம்பு போட்டு எழுதுகிற பழக்கம் அப்படியே இருந்தது. மூன்று வருடம் நானும் என் சிநேகிதியும் ஒரே மேசையில் இருந்து பிள்ளைகளின் வரவு இடாப்பு எழுதியவர்கள். சாக்கு எத்தனை என்பதைக்கூடச் சரியாக எழுதியிருந்தா.

அன்று பள்ளி விட்டபின் சைக்கிள் கொட்டகையில் அவவை மறித்தேன்.

"ஏன்?"

முதலில் என்ன என்று கேட்டா. பிறகு சைக்கிள் பூட்டைத் திறந்தபடி சொன்னா: "உமக்கு என்ன, நீர் படம் காட்டுவீர். என்ரை வகுப்புப் பிள்ளையள் பாடத்துக்கு நடுவிலை எழும்பி, 'எங்களுக்கு எப்ப ரீச்சர் காட்டுவியள்?' எண்டு கேக்குதுகள். ஒவ்வொரு நாளும். நான் நோட்ஸ் சொல்லத் தொடங்கினால் கொட்டாவி விடுதுகள்."

"கேட்டிருந்தால் வில்லையைத் தந்திருப்பனே."

"உம்மட்டைக் கேக்கிறதுக்கு நான் சாகலாம்."

அவ சொன்னதில் பொய் இல்லை. பத்து சி பிள்ளைகள் யன்னலடியில் வந்து நின்றபோதெல்லாம் நான் உள்ளூரப் பூரித்தேனே தவிர, அவவை ஒருநாளும் உள்ளே கூப்பிடவில்லை. ஆனாலும் இன்றுவரை நான் அவவை மன்னிக்கவில்லை. கோப்பாய் வரைக்கும் ஒரே றோட்டில், அவ முன்னாலும் நான் பின்னாலுமாகச் சைக்கிள் ஓடினோம்.

இடமாற்றக் கடிதம் தவணை முடிய முன்னரே வந்தது. பிரியாவிடை ஒன்றும் வைக்கவில்லை. யன்னல் ஓட்டையைத் தகரத்தால் அடைத்திருந்தார்கள். வில்லையை மட்டும் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன்.

புதிய பள்ளிக்கூடம் வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. அங்கிருந்த அதிபர் என் கடிதத்தை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீர்தானே அந்த இருட்டு வகுப்பு ரீச்சர்?"

"ஓம்."

"இஞ்சை உந்த விளையாட்டு ஒண்டும் வேண்டாம்."

சுற்றிப் பார்த்தேன். வகுப்பறைகளுக்கு அரைச் சுவர்தான். எத்தனை சாக்குத் தைத்தாலும் அங்கே இருட்டு வராது. அவர் கவலைப்படத் தேவையில்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

இரண்டாம் மாதம் கடைக்காரர் ஒருவரிடம் பழைய தேயிலைப் பெட்டி ஒன்று வாங்கினேன். ஒரு பக்கத்தில் வில்லையும் அதன் முன்னால் குடம்பி விட்ட கண்ணாடித் துண்டுகளும், எதிர்ப்பக்கத்தில் உள்ளே வெள்ளைத் தாள், அடியில் ஒரு தலை நுழையும் அளவுக்கு ஓட்டை, ஓட்டையைச் சுற்றிக் கறுப்புத் துணி. பெட்டியை வெயிலில் மேசையின் விளிம்பில் வைத்து, ஒவ்வொரு பிள்ளையாகக் கீழே குந்தித் தலையை உள்ளே விட்டுப் பார்க்க வைத்தேன். அந்த இருட்டுக்குள் ஒரு தலைக்கு மேல் இடமில்லை. இதற்கு ஆர் என்ன கடிதம் எழுதுவார்கள் என்று பார்ப்போம் என்ற வன்மம் எனக்குள் இருந்தது. அதை மறைக்கவும் நான் பாடுபடவில்லை.

ஒரு பாடவேளைக்குள் வகுப்பில் பாதிப் பேருக்குத்தான் பார்க்கக் கிடைத்தது. மிச்சப் பேர் அடுத்த நாள், வெயில் இருந்தால் பார்க்கலாம் என்றேன். தலையை வெளியே எடுத்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடிப்போய் மறக்கமுதல் கீறினார்கள். கணித ஆசிரியர் ஒருவர் அரைச் சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, எனக்குக் கேட்கட்டும் என்றே பக்கத்தில் நின்ற இன்னோர் ஆசிரியருக்குச் சொன்னார்:

"வந்த உடனை தொடங்கீட்டா, பார்."