எழுபத்திரண்டாவது சட்டை

டேப்பக்காவுக்குக் காற்றோடு எந்தப் பகையும் கிடையாது. வாசல் வழியாக வந்து வாசல் வழியாகப் போகிற காற்றை அவள் மரியாதையாகத்தான் நடத்துவாள். இடுக்கு வழியாக வருகிற காற்றுதான் அவளுக்கு ஆகாது. கதவு இருக்கும்போது சந்தில் நுழைகிறவன் திருடன்தானே என்பது அவள் கட்சி. ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே, குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு போகிற இடத்தில், கூரையும் சுவரும் சேர்கிற மூலையில் என்று மயிரிழை இடைவெளி இருந்தாலும் தேடிப் பிடித்து டேப் ஒட்டி அடைப்பது அவள் தொழில். அவள் ஒட்டிய கட்டடத்துக்குள் மழைச்சாரல் வராது, தூசி வராது, வெயில் நாளில் உள்ளே இருக்கிற குளிர்ச்சி வெளியே ஓடாது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது, யாரும் அதைத் தொந்தரவு செய்வதில்லை.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்ததே அடுத்தவன் வேலையில் மூக்கை நுழைத்துத்தான். அதற்கு முன் பதினோரு வருஷம் ஒரு பார்சல் கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஒரு பெட்டியைக் கொடுக்கக் கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போனாள். அங்கே ஓர் ஆள் ஜன்னலைச் சுற்றி டேப்பை ரப்பர்போல இழுத்து இழுத்து ஒட்டிக்கொண்டிருந்தான். பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் கையிலிருந்த சுருளைப் பிடுங்கினாள். இழுத்து ஒட்டினால் டேப் மறுநாளே சுருங்கிப் பழைய நீளத்துக்குப் போய்விடும், தளர விட்டு ஒட்ட வேண்டும் என்று அவனுக்குப் பாடம் எடுத்தபடியே அந்த ஜன்னலை முடித்தாள். அடுத்த வாரம் அவளுக்கு அங்கேயே வேலை. கொண்டுபோன பெட்டிக்கு இன்றுவரை கையெழுத்து வாங்கவில்லை என்று கிடங்கில் இன்னும் குறை சொல்கிறார்கள்.

டேப்பக்காவின் சட்டதிட்டங்கள் கொஞ்சம் கடுமையானவை. ஒட்டுவதற்கு முன் சுவரை இரண்டு முறை துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் டேப் தூசியோடுதான் ஒட்டும், சுவரோடு ஒட்டாது. மூலையில் ஒரு சின்ன மடிப்பு விட வேண்டும். ஒட்டிய பிறகு ரப்பர் உருளையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். கடைசியாக விளிம்பில் நகத்தை வைத்து நெம்பிப் பார்ப்பாள். நகம் நுழைந்தால் முழுவதையும் உரித்து எறிந்துவிட்டுப் புது டேப். உரித்த டேப்பைத் திரும்ப ஒட்டுவது அவள் கண்ணில் மன்னிக்க முடியாத குற்றம்.

இவற்றுக்கெல்லாம் மேலே சட்டைக் கணக்கு. டேப்பின் பசையை மூடியிருக்கும் வழவழப்பான தாளைத்தான் அவள் சட்டை என்பாள், பாம்பு உரிக்கிற சட்டைபோல. ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு சட்டை. ஒன்றை உரித்து ஜன்னல் சட்டத்தில் ஒட்ட வேண்டும், மற்றதை உரித்துச் சுவரில் ஒட்ட வேண்டும். இரண்டாவதை உரிக்க மறந்தால் டேப் பார்க்க ஒட்டியதுபோலவே சமர்த்தாக உட்கார்ந்திருக்கும், காற்று மட்டும் அதன் அடியில் ஜாம்ஜாம் என்று போய்வரும். அதனால் உரித்த சட்டைகளை இடுப்புப் பைக்குள் போட்டுக்கொண்டு, சாயங்காலம் எண்ணி நோட்டில் எழுதிவிட்டுத்தான் கிளம்புவாள். ஒரு ஜன்னலுக்கு நாலு துண்டு, எட்டுச் சட்டை.

டேப்பக்காவின் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். முப்பது வருஷம் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, அதற்குச் சம்பளமும் வாங்கிய மனிதர். முகத்தில் காற்று படாவிட்டால் அவருக்குச் செய்தித்தாள்கூடப் புரியாது. விதியைப் பாருங்கள், இப்படிப்பட்ட இருவரை ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்து போட்டிருக்கிறது. வீட்டு ஜன்னல்கள் பழசு, சரியாக மூடாதவை. டேப்பக்கா விடுமுறைக்கு ஒன்றாக அவற்றைத் திறக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டே வந்தாள். இப்போது சமையலறையில் காற்றை வெளியே தள்ளும் விசிறியைப் போட்டால் வாசல் கதவைத் திறக்க இரண்டு பேர் வேண்டும். மிச்சம் இருப்பது கூடத்தில் அவருடைய நாற்காலியை ஒட்டியிருக்கும் ஒரே ஜன்னல். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதையும் முடித்துவிடுவதாக அறிவித்திருந்தாள். அவர் செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். ஹாரன் அடிக்காமலே வழி வாங்கத் தெரிந்தவர் அவர்.

அந்த வாரம் டேப்பக்காவுக்கு வாழ்வா சாவா என்ற வாரம். பத்து வருஷமாக அடுத்தவர்களின் கீழ் ஒட்டிக்கொண்டிருந்தவளுக்கு முதல்முறையாகச் சொந்தப் பெயரில் ஒரு கட்டடம் கிடைத்திருந்தது. இரண்டு மாடி, கண் ஆஸ்பத்திரி. தெருவில் லாரி போனால் புழுதி எழும்பும், அந்தப் புழுதி ஆபரேஷன் அறைக்குள் வரக் கூடாது. வேலை முடிந்ததும் வாசலில் பெரிய விசிறியைப் பொருத்தி உள்ளே இருக்கிற காற்றை வெளியே இழுப்பார்கள். இடுக்குகள் வழியே எவ்வளவு காற்று உள்ளே வருகிறது என்று கருவி எண்ணில் சொல்லும். எண் ஒன்றுக்குக் கீழே இருந்தால் அடுத்த கட்டடமும் அவளுக்கே என்று இன்ஜினியர் வாக்குக் கொடுத்திருந்தார். மேலே போனால் அவள் பழையபடி யாருக்கோ கீழே உருளை தேய்க்கப் போக வேண்டியதுதான்.

கடைசி நாள் மாடியில் ஒன்பது ஜன்னல் முடித்தாள். மதியம் வீட்டுக்காரர் அவள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்தார். சிறிது நேரம் அவள் கழற்றி வைத்திருந்த இடுப்புப் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், இன்ஜினியரிடம் பேனா கேட்டு வாங்கினார், திருப்பிக் கொடுத்தார், போய்விட்டார். சாயங்காலம் அவள் சட்டைகளை எண்ணினாள். எழுபத்திரண்டு இருக்க வேண்டும். எழுபத்தொன்றுதான் இருந்தது. மூன்று முறை எண்ணினாள், பையை உதறினாள், தரையைக் கூட்டினாள். யானை போய்விட்டது, வால் மாட்டிக்கொண்டது.

மறுநாள் காலையில் சுவர்களை ஜிப்சம் போர்டு வைத்து மூடுவதற்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா முன்னிலையில் சோதனை. போர்டு போட்ட பிறகு சோதனை செய்வது சாப்பிட்டு முடித்தபிறகு உப்புப் பார்க்கிற கதை என்று டேப்பக்கா முன்பே சொல்லியிருந்தாள், யாரும் கேட்கவில்லை. இப்போது அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், மதியத்துக்குள் எல்லாம் போர்டுக்குப் பின்னால் போய்விடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நினைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல சோறு கிடைக்காது. அவளுக்கும் ஒரு நிமிஷம் அந்த ஆசை வந்தது, பொய் சொல்வானேன். பிறகு அவளே இன்ஜினியரிடம் போய் நின்றாள்.

"சார், ஒரு சட்டை குறையுது. போர்டை மதியத்துக்கு மேல போடச் சொல்லுங்க."

இன்ஜினியர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு துண்டுப் பேப்பருக்காகவா பத்துப் பேரை உக்கார வைக்கச் சொல்றீங்க?"

"பேப்பர் பறந்து போயிருந்தா நான் பைத்தியக்காரி. பறக்காம உள்ளயே இருந்தா நீங்க காத்துக்கு வீடு கட்டியிருக்கீங்க. எதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

பேச்சு அதோடு முடிந்தது. போர்டு மேஸ்திரி பீடத்தில் அமர்வதுபோல அடுக்கிய போர்டுகள்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, சட்டை தொலைந்தால் காவல் நிலையத்துக்கல்லவா போக வேண்டும் என்று கேலி பேசினார். டேப்பக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏணியில் ஏறி ஒன்பது ஜன்னலையும் விளிம்பு விளிம்பாக நகத்தால் நெம்பிப் பார்த்தாள். மணி பத்தரை ஆயிற்று. எல்லாம் கல்போல ஒட்டியிருந்தன, ஒரு சட்டையும் உள்ளே இல்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும், அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. காணாமல் போனது எங்கேயாவது இருந்துதானே ஆக வேண்டும்? ஜன்னலில் இல்லை என்றால் மூலையில், மூலையில் இல்லை என்றால் குழாயில் என்று மாடி முழுக்க நெம்பத் தொடங்கினாள். மேஸ்திரி சிரிப்பை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

கைகழுவும் இடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கழிவுநீர்க் குழாய் சுவருக்குள் நுழைகிறது. அதைச் சுற்றி போன வாரம் அவளே ஒட்டியிருந்தாள். அதன் விளிம்பில் நகத்தை வைத்ததும் டேப் எந்தத் தகராறும் செய்யாமல் கையோடு வந்துவிட்டது. உள்ளே கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. டேப்பின் பசையில் ஒரு கைப்பிடி சிமெண்ட் தூசி. கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பியது.

பிளம்பரைக் கூப்பிட்டார்கள். அவர் நல்ல மனிதர், அதுதான் சிக்கல். போன வாரம் குழாயை மாற்ற வேண்டியிருந்ததாம், டேப்பை உரித்தாராம், அக்காவைக் கூப்பிட்டுக் கஷ்டப்படுத்துவானேன் என்று அதையே எடுத்துப் பழையபடி அழகாகத் திரும்ப ஒட்டிவிட்டாராம்.

"கீழ விழாமத்தானே இருந்துச்சு, அக்கா?" என்றார்.

டேப்பக்கா அவரைத் திட்டுவதற்காக வாயைத் திறந்தாள். உலகத்திலேயே மிகப் பெரிய குற்றத்தை இவ்வளவு அப்பாவி முகத்தோடு செய்தவனை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டாள். ஓட்டையை அடைத்தாள், துடைத்தாள், துடைத்தாள், புது டேப் ஒட்டினாள், பிளம்பர் கையிலேயே உருளையைக் கொடுத்து இருபது முறை தேய்க்க வைத்தாள். அதன் பிறகுதான் போர்டு ஆட்களுக்கு வழி விட்டாள்.

பத்துப் பேரும் சாப்பாட்டுக்குக்கூட இறங்காமல் போர்டு அடித்தார்கள். மூன்று மணிக்கு வாசலை அடைத்துச் சிவப்புத் துணியைக் கட்டி அதில் விசிறியைப் பொருத்தினார்கள். டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். விசிறி இரைந்தது. டேப்பக்கா கருவியைப் பார்க்கவில்லை, பயம். மாடிக்குப் போய் அந்தக் குழாய் இருந்த சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள். கன்னத்தில் ஒன்றும் படவில்லை. கீழேயிருந்து இன்ஜினியரின் குரல் வந்தது. புள்ளி எட்டு. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள், கொஞ்சம் அழவும் செய்தாள். கீழே வந்தபோது இன்ஜினியர் அடுத்த கட்டடத்தின் வரைபடத்தை அவளிடம் நீட்டினார். அந்த ஓட்டை மட்டும் இருந்திருந்தால் எண் ஒன்றைத் தாண்டிப் போயிருக்கும் என்றும் ஒப்புக்கொண்டார்.

வரைபடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வீட்டுக்காரர் தம் நாற்காலியில் செய்தித்தாளை விரித்து, முகத்தை அதற்குள் புதைத்திருந்தார். ஜன்னல் திறந்திருந்தது, தாள் படபடத்தது. ஜன்னல் சட்டத்தில் ஒரு நீளமான காகிதம் ஒட்டியிருந்தது. பழைய பஸ் பலகை எழுத்தில், கொட்டை கொட்டையாக, பேனாவால் எழுதியிருந்தது: "டிரைவர் ஜன்னல். கரம், உருளை, டேப் நீட்டாதீர்."

டேப்பக்கா பக்கத்தில் போய்க் காகிதத்தைத் தடவிப் பார்த்தாள். சொரசொரப்பாக இருந்தது. நடு விளிம்பை லேசாகத் தூக்கி அடியில் விரலை விட்டாள். வழவழப்பு. வழவழப்பில் மை நிற்காது என்று திருப்பிப் போட்டு முதுகில் எழுதியிருக்கிறார் மனிதர்.

"இதை எங்க எடுத்தீங்க?"

"உன் பையிலதான். ஒண்ணே ஒண்ணும்மா. அதான் கட்டுக் கட்டா வெச்சிருக்கியே."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. எழுபத்தொன்று, ஏணி, மேஸ்திரியின் கேலி, பத்துப் பேரின் காலைப்பொழுது எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லித் தீர்த்தாள். குழாய்க்கு வந்தபோது குரல் இறங்கியது. புள்ளி எட்டுக்கு வந்தபோது சிரித்துவிட்டாள். இந்த மனிதர் திருடாமல் இருந்திருந்தால் அவள் குழாய்ப் பக்கமே போயிருக்க மாட்டாள். அவர் செய்தித்தாளை இறக்கி, "அப்போ நான்தான் பாஸ் பண்ண வெச்சேன்" என்றார். அவள் வரைபடத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

பிறகு கணக்கை முடிக்க வேண்டுமே என்று காகிதத்தை எடுக்கப் போனாள். நாலு மூலையிலும் டேப் ஒட்டியிருந்தார். விளிம்பில் நகத்தை வைத்து நெம்பினாள். நுழையவில்லை. இன்னொரு மூலையில் வைத்தாள், அங்கும் நுழையவில்லை. இழுக்காமல், தளர விட்டு, துடைத்து, தேய்த்து ஒட்டியிருந்தார். இத்தனை வருஷம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்த மனிதர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

டேப்பக்கா நோட்டை எடுத்தாள். எழுபத்தொன்றை அடித்து எழுபத்திரண்டு என்று எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை என்று குறித்திருந்த வரியையும் அடித்தாள். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்து அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு, அந்த ஜன்னல் காற்றிலேயே உட்கார்ந்தாள்.