சமையக்காரியக் கேட்டானா?

பொன்னுச்சாமி ஐயா, நீங்கள் பொய் சொன்னீர்கள். வெள்ளையம்மா ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்து செத்ததை உங்கள் இரண்டு கண்ணாலும் பார்த்ததாக, இளவட்டமாக இருந்தபோது ஊர் மந்தையில் நின்று சொன்னீர்கள். நீங்கள் பார்க்கவில்லை.

இத்தனை வருடம் கழித்து இதை எழுத வைத்ததும் நீங்கள்தான். போன மாதம் கொடைக்கானலில் ஒரு நூலக விழாவுக்குத் தலைமை தாங்கினீர்கள். டி.வி.யில் வரும் கொலைத் தொடர்களைப் பிடித்துக் கிழித்தீர்கள். வருடக்கணக்காக ஒரே தொடர், ஒரே இன்ஸ்பெக்டர், அவருக்கு மீசையே நரைத்துவிட்டது, கொலைகாரன் யார் என்று தொடங்கும்போதே குழந்தைக்குக்கூடத் தெரிகிறது, அப்புறமும் நம் பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்கள் என்றீர்கள். கடைசியில், "கொலக் கத கேட்டுக் கேட்டே பொம்பளைங்க புத்தி கெட்டுப் போச்சு" என்றீர்கள். சபை சிரித்தது. நானும் அந்தச் சபையில் இருந்தேன். அதே வாக்கியத்தை அதே வாயிலிருந்து முன்பே ஒருமுறை கேட்டவள் நான். அதனால் சிரிப்பு வரவில்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு முதலிலிருந்து சொல்கிறேன்.

பூண்டு அறுத்த கையின் வாடை எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. சோற்றில் இருக்கும், தலைமுடியில் இருக்கும், தூங்கும்போது கன்னத்துக்கடியில் வைத்த கையிலிருந்து மூக்கில் ஏறும். என் பிள்ளைப்பிராயம் முழுக்க அந்த வாடைதான். மன்னவனூர் போகும் பாதையிலிருந்து பிரிந்து இறங்கினால் எங்கள் ஊர். அறுபதுகளின் தொடக்கத்தில் அங்கே பஸ் கிடையாது, கரண்டு கிடையாது. காய்ந்த பூண்டை எல்லாம் ஊர்க்கோடியில் இருந்த ஒரு நீளக் கொட்டகையில் குவிப்பார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கருக்கருவாளால் தாளை அறுத்து, வேரைச் சுரண்டி, கட்டுக் கட்டாகக் கட்டுவார்கள். வெளியே மழையோ மூட்டமோ எதுவாக இருந்தாலும் உள்ளே அந்தச் "சரக் சரக்" நிற்காது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் நான் கதை படிப்பேன். அங்கே எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அஞ்சாம் வகுப்பு முடித்திருந்தேன். கொடைக்கானல் பஜாரில் கடை வைத்திருந்த கனி ராவுத்தர் பூண்டு வாங்கக் குதிரைகளோடு மேலே வருவார். வரும்போதெல்லாம் மட்டக் காகிதத்தில் அச்சடித்த துப்பறியும் மாத நாவல் ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் போடுவார்.

"ஏத்தா, இந்த மாசமும் கொலகாரன் மாட்டிக்கிட்டான். பயப்படாமப் படி" என்பார்.

எல்லாம் ஒரே கதைதான். ஒரு பங்களா, ஒரு பிணம், தொப்பி போட்ட ஒரு துப்பறிகிறவர். அவருக்குப் புத்தகத்தில் ஏதோ பெயர் இருந்தது. எங்கள் கொட்டகையில் அவர் "தொப்பிக்காரன்", அவ்வளவுதான். இரண்டாவது அத்தியாயத்திலேயே பேச்சியக்கா, "அந்தச் சித்தப்பன்காரந்தான்டி. சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறான் பாரு, கட்டைல போறவன்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவாள். அவள் சொன்னது தப்பியதே இல்லை. ஆனாலும் ராவுத்தரின் குதிரை மணி கேட்டால் அருவாளைப் போட்டுவிட்டு வாசலுக்கு முதலில் ஓடுகிறவளும் அவள்தான்.

வெள்ளையம்மா வேறு மாதிரி. கொட்டகையின் கடைசியில், சுவரை ஒட்டி உட்காருவாள். புதுப் புத்தகத்தை நான் பிரித்ததும், "ஏபுள்ள, மொதல்ல கடைசியப் படி" என்பாள்.

"முடிவு தெரிஞ்சுட்டா அப்புறம் என்னத்துக்கு முழுசும் கேக்குற?" என்று பேச்சியக்கா சண்டைக்குப் போவாள்.

"அவன் மாட்டுவான்னு தெரிஞ்சாத்தான் எனக்கு மிச்சத்தக் கேக்க முடியும்" என்பாள் வெள்ளையம்மா.

அவள் புருஷன் சடையாண்டி அவளை அடிப்பது ஊருக்கே தெரியும். தகரத்தில் மழை பெய்கிற மாதிரி அது ஒரு பழகின சத்தம். உடைந்த பல்லோடு வருவாள், வீங்கின கண்ணோடு வருவாள், ஒருமுறை கொள்ளிக்கட்டையால் சுட்ட முழங்கையோடு வந்தாள். "என்னத்தா இது?" என்று கேட்டால், "வழுக்கிட்டேன்" என்பாள். மலையில் எல்லாப் பெண்களும் வழுக்கிக்கொண்டே இருந்தார்கள். ஆண்களுக்கு மட்டும் பாறை வழுக்கவில்லை.

கார்த்திகை மாதம் ஒரு பகலில் மூட்டம் இறங்கியது. சாதாரண மூட்டம் இல்லை. கொட்டகைக்குள்ளே எழுத்துத் தெரியாமல் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். எதிரே உட்கார்ந்த அம்மாவின் முகம் தெரியவில்லை. அருவாள் சத்தத்தை வைத்துத்தான் ஆள் இருப்பது தெரிந்தது. வெள்ளையம்மா அன்றைக்கு வரவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில், அவளை ஓடையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

தண்ணீர் எடுக்கப் போனவள் குடத்தோடு வழுக்கி விழுந்துவிட்டாள் என்றான் சடையாண்டி. அவன் தலையோடு முகத்தையும் சேர்த்துத் துண்டால் சுற்றியிருந்தான். துக்கத்தில் சுற்றியிருக்கிறான் என்றார்கள்.

எங்கள் பக்கம் பெண் செத்தால் பெண்கள்தான் குளிப்பாட்டுவார்கள். மறைப்புக் கட்டிவிட்டால் ஆண் யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது. அந்த மறைப்புக்குள் என் அம்மாவும் பேச்சியக்காவும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். என்னைச் செம்பு எடுத்துக் கொடுக்க உள்ளே விட்டார்கள். நான் பார்த்தேன். கழுத்தின் முன்பக்கம் இரண்டு பெருவிரல் அச்சு, நாவல்பழம் நசுங்கின நிறத்தில். பின்மண்டையில் மண்வெட்டியின் பின்புறம் பதிந்த மாதிரி ஒரு பள்ளம். அம்மா தலைமுடியை அலசியபோது விரல் அதற்குள் இறங்கியது. அம்மா கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். வலது கை நகங்களுக்குள் தோல் இருந்தது. அவளுடைய தோல் இல்லை. பேச்சியக்கா அதைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் அப்படியே விட்டாள். யாராவது வந்து பார்ப்பார்கள் என்று நினைத்தாள். தொப்பிக்காரன் கதை கேட்டுப் பழகின புத்தி.

யாரும் பார்க்கவில்லை. பிணம் தாங்காது என்று மறுநாள் காலையிலேயே புதைக்கச் சொன்னார் கிராம முன்சீப். சடையாண்டி அவருடைய அண்ணன் மகன். மண்ணைப் போட்டு மூடிய பிறகு போலீஸ் ஏட்டு குதிரையில் வந்து சேர்ந்தார். முன்சீப் வீட்டில் கோழிக்குழம்பு சாப்பிட்டார். ஓடைக்குப் போய்ப் பாறைமேல் இருந்த பாசியைப் பூட்ஸ் காலால் தேய்த்துப் பார்த்தார். "ஆமா, வழுக்கத்தான் செய்யுது" என்றார். இவ்வளவுதான் விசாரணை.

பிறகு மந்தையில் கூட்டம். முன்சீப்பின் மகன் எழுந்து நின்றார். பொன்னுச்சாமி ஐயா, அது நீங்கள். "மேட்டுத் தோட்டத்துல நின்னுக்கிட்டு இருந்தேங்க. எங்க மயினி கொடத்தோட வழுக்கி விழுகுறத எங்கண்ணால பாத்தேன். ஓடிப்போயி அண்ணனக் கூட்டியாந்தேன்" என்றீர்கள். ஏட்டு எழுதிக்கொண்டார். ஊர் தலையாட்டியது. என் அப்பாவும் அங்கே நின்றார். அவரும் வாயைத் திறக்கவில்லை. மந்தைக் கூட்டத்துக்குப் பெண்கள் போகக்கூடாது. குளிப்பாட்டினவர்கள் நான்கு பேரும் என்னோடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்கள். ஒருவரும் அவர்கள் பக்கம் திரும்பவில்லை.

சில நாள் கொட்டகையில் யாரும் கதை கேட்கவில்லை. அப்புறம் ஒருநாள் மத்தியானம் அம்மாவே, "அந்தப் பொஸ்தகத்த எடு" என்றாள். பங்களாவில் ஜமீன்தார் மனைவி கொலை. தொப்பிக்காரர் வருகிறார். கூடத்தில் இருக்கிற பெரிய மனிதர்களை எல்லாம் விசாரிக்கிறார்.

"சமையக்காரியக் கேட்டானா?" என்றாள் அம்மா.

"இன்னும் இல்லம்மா."

"கேப்பான். படி."

கேட்டார். சமையற்கட்டு வாசலில் வந்து நின்று, தொப்பியைக் கழற்றிவிட்டு, 'அம்மா, அன்று நீங்கள் என்ன பார்த்தீர்கள்?' என்று கேட்டார். நான் அந்த வரியைப் படித்ததும் அருவாள் சத்தம் நின்றது. என் அம்மா தலையை நிமிர்த்தாமல், எதிரில் யாரோ நிற்பதுபோல, "கழுத்துல பெருவெரல் ரெண்டும் பதிஞ்சிருந்துச்சுங்க" என்றாள்.

"பின்மண்டைல மம்பட்டி பட்ட பள்ளங்க" என்றாள் பேச்சியக்கா. "நகத்துல அவன் தோலு கெடக்கு. முகத்துத் துண்ட அவுக்கச் சொல்லிப் பாருங்க."

மூலையிலிருந்து இன்னொரு குரல்: "அன்னைக்கி மூட்டங்க. கைய நீட்டுனாக் கை தெரியல. மேட்டுத் தோட்டத்துல நின்னு அவரு எப்புடிப் பாத்தாரு?"

நான் அடுத்த வரியைப் படித்தேன். 'இதை ஏன் முன்பே சொல்லவில்லை?' என்று கேட்டார் தொப்பிக்காரர்.

பேச்சியக்கா சொன்னாள்: "நீங்க கேக்கலியே, சாமி."

அன்றிலிருந்து கதை நகரவில்லை. தினமும் அந்த ஒரு பக்கம்தான். தொப்பிக்காரர் கேட்பார், அவர்கள் பதில் சொல்வார்கள். ஒவ்வொரு நாளும் ஒருத்திக்கு இன்னொன்று ஞாபகம் வரும். குரல் ஏறிக்கொண்டே போனது. பாதையில் போகிறவர்களுக்குக் கேட்க ஆரம்பித்தது. அதற்காகத்தான் சத்தமாகச் சொன்னார்கள்.

கேட்க வேண்டியவனுக்குக் கேட்டது. சடையாண்டி மண்வெட்டிக் காம்போடு உள்ளே வந்தான். கன்னத்தில் மூன்று கோடு, பொருக்குத் தட்டிப் போயிருந்தது. முதலில் என் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். "எவடி என் பேரச் சொன்னவ?" என்றான். யாரும் அவன் பெயரைச் சொல்லியிருக்கவில்லை. என் நெற்றியைச் சுவரில் மோதினான். அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது. அம்மா குறுக்கே கையை நீட்டினாள். காம்பு இறங்கியது. காய்ந்த பூண்டுத் தாள் ஒடிகிற சத்தம்தான் கேட்டது. ஒடிந்தது அம்மாவின் விரல்கள்.

இரண்டாவது தடவை அவன் கையை ஓங்குவதற்குள் பெண்கள் எழுந்துவிட்டார்கள். எல்லார் கையிலும் அருவாள் இருந்தது. தள்ளிக் கீழே சாய்த்து, நெஞ்சின் மேல் முழங்காலை ஊன்றினாள் பேச்சியக்கா. கருக்கருவாளை அவன் கழுத்தில் வைத்து அழுத்தினாள். ரத்தம் கோடாக இறங்கியது.

"அறுக்கட்டுமாடா?" என்றாள். "வழுக்கி அருவா மேல விழுந்துட்டான்னு சொல்லுவோம். இத்தன பேரு கண்ணால பாத்தோம்னு மந்தைல சொல்லுவோம். செல்லும்ல?"

அவன் வேட்டியை நனைத்துக்கொண்டான். அவனை விட்டுவிட்டார்கள். ஏன் விட்டார்கள் என்று எனக்கு இன்றும் கோபம்.

மறுநாள் மந்தையில் அவசரக் கூட்டம். பெண்டாட்டியைக் கொன்றவனுக்காக அவ்வளவு அவசரம் யாருக்கும் இருந்ததில்லை. ஆம்பிளை மேல் அருவாள் வைத்ததற்கு இருந்தது. வீடு வீடாகத் தேடி என் புத்தகங்களைப் பிடுங்கி வந்து மந்தையில் குவித்தார்கள். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தியவர் நீங்கள். அப்போது சொன்னீர்கள்: "கொலக் கத கேட்டுக் கேட்டே பொம்பளைங்க புத்தி கெட்டுப் போச்சு."

ராவுத்தரிடம் இனிமேல் புத்தகம் கொண்டுவந்தால் இந்த ஊரில் பூண்டு கிடையாது என்றார்கள். அவர் வியாபாரி. நிறுத்திவிட்டார்.

சடையாண்டி வேறு கல்யாணம் செய்தான். கிழவனாகிக் கட்டிலில் படுத்துச் செத்தான். கொட்டு மேளத்தோடு எடுத்தார்கள். அம்மாவின் விரல்கள் கோணலாகவே ஒட்டின. சாகும்வரை சோற்றை உருட்டி வாயில் வைக்க இடது கையையும் சேர்த்துக்கொண்டாள்.

நான் இப்போது அட்டுவம்பட்டியில் மகன் வீட்டில் இருக்கிறேன். நீங்கள் கிண்டல் செய்த அதே தொடரைத் தினமும் பார்க்கிறேன். யார் கொலைகாரன் என்று எனக்கும் முதலிலேயே தெரிந்துவிடும். மருமகளிடம் சொல்லியும் விடுவேன். அதைத் தெரிந்துகொள்ளவா பார்க்கிறோம்? கொலைகாரன் யார் என்று எங்களுக்கு எப்போதுமே தெரியும். எங்களுக்குத் தெரியாததா? அந்த இன்ஸ்பெக்டர் ஏதோ ஒரு கட்டத்தில் பாத்திரம் கழுவுகிறவளிடம் வந்து நின்று, "நீங்க என்ன பாத்தீங்க?" என்று கேட்பார். அந்த இடத்துக்காகத்தான் பார்க்கிறேன். வருடக்கணக்கில் மாறாமல் அந்தக் கேள்வி வருகிறது. வெளியில் அது ஒருமுறைகூட வந்து நான் பார்த்ததில்லை. நேற்றைய கதையும் இன்றைய கதையும் ஒன்றாக இருப்பது உங்களுக்குச் சலிப்பு. எங்களுக்கு அது உத்தரவாதம்.

அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது சுற்றுலாக்காரர்கள் தங்கும் காட்டேஜ். வாசலில் ரோஜா வைத்திருக்கிறார்கள். பூண்டு வாடை இல்லை. மறைப்புக்குள் இருந்தவர்களில் நான் மட்டும்தான் மிச்சம். ஓடைப் பாறை அப்படியே கிடக்கிறது. மந்தையில் பொய் சொன்னவர்களில் நீங்களும் மிச்சம். அதனால் தொப்பிக்காரர் வரும்வரை நான் காத்திருக்கப் போவதில்லை. நானே கேட்கிறேன்.

பொன்னுச்சாமி ஐயா, அன்றைக்கு மூட்டம். எதிரில் இருந்த என் அம்மாவின் முகம் எனக்குத் தெரியவில்லை. மேட்டுத் தோட்டத்திலிருந்து ஓடைப் பாறையில் நின்ற ஒருத்தி உங்களுக்கு எப்படித் தெரிந்தாள்? விழுந்ததைப் பார்த்த நீங்கள் ஏன் ஓடைக்கு இறங்காமல் அவன் வீட்டுக்கு ஓடினீர்கள்? உங்களுக்கு மேடையும் மைக்கும் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். அதே நூலக மண்டபத்தில், அதே சபைக்கு முன்னால், அதே மைக்கில் பதில் சொல்லுங்கள். இந்தமுறை பெண்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கமாட்டோம். முதல் வரிசையில் உட்கார்ந்திருப்போம்.