எட்டு ஹெச்பி

மரக்காணம் உப்பளங்களில் தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சின் நின்றுபோனால் பஞ்சநாதனைத்தான் தேடி வருவார்கள். சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். பள்ளிக்கூடம் விட்டதும் அவருடைய ஒரே மகள் வினோதினியும் பட்டறைக்கு வந்து ஸ்பானர் பிடிப்பாள். பிளஸ் டூ முடித்தவுடன் ஆட்டோமொபைல் டிப்ளமோவுக்கு விண்ணப்பம் வாங்கி வந்து, அப்பாவின் கையெழுத்துக்காகக் காத்திருந்தாள்.

அது 2011 கோடைக்காலம். புதுச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்த பழங்காலத்துக் கார் ஒன்று ரேடியேட்டர் கொதித்துப் பட்டறை வாசலில் நின்றது. "எட்டு ஹெச்பி வண்டிங்க" என்று சொல்லிவிட்டு அதன் சொந்தக்காரர் டீக்கடைக்குப் போனார்.

பஞ்சநாதன் சிரித்தார். "நம்ம உப்பளத்து எஞ்சினும் எட்டுதான். அதக் கழட்டி இதுல மாட்டிடலாம் போல!"

நின்றிருந்த உப்பளக்காரர்களும் சிரித்தார்கள்.

"இல்லப்பா" என்றாள் வினோதினி. "அந்தக் காலத்துல வெளிநாட்டுல வரி போடறதுக்காகப் போட்ட ஹெச்பி அது. சிலிண்டர் எவ்ளோ அகலம், மொத்தம் எத்தினி சிலிண்டர், அத மட்டும்தான் பார்த்தாங்க. நெஜ பவர் இருவதுக்கு மேல இருக்கும். லைப்ரரி புக்ல படிச்சேன்."

சிரிப்பு இப்போது பஞ்சநாதன் பக்கம் திரும்பியது. அவர் முகம் சிவந்தது.

"முப்பது வருஷமா எஞ்சின் பிரிக்கிறவன் நானு. எனக்கே பாடம் எடுக்கிறியா? போ, வீட்டுக்குப் போயி ஒல வையி."

கையைத் துடைத்துக்கொண்டு போனவள் அப்புறம் பட்டறைப் பக்கமே வரவில்லை. விண்ணப்பத்தை அவர் தொடவில்லை. அவளும் இரண்டாவது முறை கேட்கவில்லை. திண்டிவனத்தில் பி.காம் படித்தாள். கிளியனூரில் வாழ்க்கைப்பட்டு, துணிக்கடை வேலைக்குப் போனாள்.

போன பிப்ரவரியில், சென்னையிலிருந்து வந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வேகத்தடையில் அடி தட்டி, வண்டிக்கு அடியிலிருந்த மூடி தொங்கப் பட்டறை வாசலில் வந்து நின்றது. உலகத்திலேயே ஐந்நூறு வண்டிதான் செய்தார்களாம். இது எத்தனையாவது வண்டி என்று உள்ளே தகடு அடித்திருந்தது.

மூடியை இழுத்துக் கட்டியபடியே பஞ்சநாதன் கேட்டார், "எத்தினி ஹெச்பிங்க?"

"அறுநூத்தி இருவது. எஞ்சின ஓடவிட்டு அளந்தது" என்றார் வண்டிக்காரர். பழைய கார்களும் வைத்திருப்பவராம். "அந்தக் கால வண்டிங்கள்ல எட்டுன்னு போட்டிருப்பாங்க, அத நம்பக்கூடாது. வரிக்காக சிலிண்டர் அகலத்த வெச்சிப் போட்டது. நெஜத்துல மூணு மடங்கு இருக்கும்."

பஞ்சநாதன் கட்டுவதை நிறுத்திவிட்டு, அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் பிடித்துக் கிளியனூர் போனார். வினோதினி கொடுத்த காபியைக் குடிக்காமல் விஷயத்தைச் சொன்னார்.

"அன்னைக்கு நீ சொன்னதுதாம்மா சரி."

"எனக்கு அப்பவே தெரியும்பா. இதச் சொல்லவா பஸ் ஏறி வந்த?"

"கையெழுத்து போட்டிருக்கணும்மா நானு."

அவள் காய்ந்த துணிகளை மடித்து முடித்தாள்.

"நாலு பேர் எதிர்ல திட்டுனத நான் அன்னைக்கே மறந்துட்டம்பா. நீ கையெழுத்து போடுவேன்னு அந்த லீவு முழுக்க இருந்தேன் பாரு, அதத்தான் மறக்க முடியல."

"இப்பவாச்சும் பட்டறைக்கு ஒரு நாள் வாம்மா."

"வந்து இன்னாப்பா பண்ணப் போறேன்?" கோபமில்லாமல்தான் கேட்டாள்.

பஞ்சநாதன் ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தார். வினோதினி பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்தாள்.