ரெண்டு பொட்டலம் ஜிலேபி

மூன்று வருஷமாக நான் இனிப்பைத் தொட்டதில்லை. எனக்கு வியாதி கிடையாது, சர்க்கரை வியாதி என் வீட்டுக்காரருக்கு. கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டு வந்த அன்று, “இனிமே இனிப்பே தொடமாட்டேன், உம்மேல சத்தியம்” என்று என் தலையில் கை வைத்து அழுதார். மனசு கேட்கவில்லை. நீ தின்னாததை நானும் தின்னமாட்டேன் என்றேன். பொங்கலன்றுகூட எனக்கு வெண்பொங்கல்தான். பைத்தியக்காரி!

இந்த ஆடித் திருவிழாவுக்குப் பத்து நாளும் கோயில் மைதானத்தில் சாயங்காலம் பாட்டு, நாடகம். மாடு கறக்க வேண்டுமே, நான் வீட்டோடு. அவர் பார்த்துவிட்டு வந்து, ராஜா வேஷக்காரனின் கிரீடம் கழன்று விழுந்ததுவரை நடித்துக் காட்டுவார். விழுந்து விழுந்து சிரிப்பேன். பிறகு காலை நீட்டுவார். அதே காலில் இந்த வருஷம் புதுப் புண். துடைத்து மருந்து போடுவேன்.

நடுவில் ஒரு நாள் உத்திரமேரூர் டாக்டர், “என்னம்மா ஆக்கிப் போடற? இன்னொரு விரலும் போயிடும்” என்று எல்லார் எதிரிலும் என்னைத் திட்டினார். வீட்டுக்காரர் என் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். என் சமையலில்தான் தப்பு என்று நானும் அவருக்குச் சோற்றைக் குறைத்தேன்.

எட்டாம் நாள் நாத்தனார் வந்து மாட்டைப் பார்த்துக்கொண்டதால் நானும் அவர் பின்னாலேயே கிளம்பினேன். மைதானத்து வாசலில் ஜிலேபி சுடுகிறவளுக்கு என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

“வாக்கா! அண்ணன் இப்பத்தான் வாங்கிக்கினு போனாரு. தெனம் ரெண்டு பொட்டலம். ஒண்ணு உனுக்குன்னுதான் சொல்லுவாரு. இன்னா, நல்லாகீதா?”

“நல்லாகீதும்மா.” வேறு என்னத்தைச் சொல்ல? டாக்டர் திட்டியபோது கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாரே மனுஷன்! மேடைப் பக்கம் திரும்பாமலே வந்துவிட்டேன்.

அவர் வந்து வழக்கம்போல் நடித்துக் காட்டினார். நான் இரண்டு டம்ளர் காப்பி கலந்தேன். விருந்தாளிக்கு வைத்திருக்கும் சர்க்கரை டப்பாவை இறக்கி, என் டம்ளரில் மூன்று கரண்டி போட்டேன்.

“இன்னாடி இது?”

“என் பங்கு. எட்டு நாளா நீ துன்னியே, அது.”

அவர் நீட்டிய காலை மெல்ல மடக்கிக்கொண்டார்.

“நீட்டுய்யா” என்றேன். மருந்து போட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்து, ஆறிப்போன காப்பியில் ஒரு வாய் குடித்தேன். குமட்டிக்கொண்டு வந்தது. மூன்று வருஷத்தில் இனிப்பு எனக்குத்தான் விட்டுப்போயிருந்தது.